ஏழாவது கேள்வி

"அவங்க சொல்றதை மட்டும் எழுது. தப்பாச் சொன்னாத் தப்பாவே எழுது. உன் மூளையைச் செருப்போட சேத்து வாசல்லயே கழட்டி வெச்சிட்டுப் போ!"

சேவைக் குழு ஆசிரியை இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். காரணம் இருந்தது. கேள்வி முடிவதற்குள் பதிலோடு எழுந்து நிற்கிற அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் 'முந்திரிக்கொட்டை' என்றே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்.

பள்ளியின் சேவைக் குழுவில் சிலர் மரம் நட்டார்கள். சிலர் நூலகத்தில் புத்தகம் அடுக்கினார்கள். கையெழுத்து முத்துமுத்தாக இருந்ததால் இவளுக்கு வாய்த்த வேலை, தாங்களே எழுத முடியாதவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுப்பது. இதுவரை மூன்று பேருக்கு எழுதியிருக்கிறாள். மூவருமே பார்வையில்லாதவர்கள்.

"நீயா ஒரு வார்த்தை மாத்தினது தெரிஞ்சாலும் அவங்க பேப்பரை ரத்து பண்ணிடுவாங்க. உனக்கு ஒண்ணும் ஆகாது. நஷ்டம் அவங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினார் ஆசிரியை.

இன்று வந்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். வெயிலில் வந்த முகத்தில் கறுப்புக் கண்ணாடி. கழுத்திலிருந்து முழங்கால்வரை போர்த்திய சால்வை. முந்திரிக்கொட்டை ஓடிப்போய் அவர் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"படி இருக்குக்கா. பாத்து வாங்க."

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரிடம் போய் என்ன சொல்லிவிட்டாள்!

"பாத்துத்தாம்மா வரேன்" என்று சிரித்தார் அந்த அக்கா. நல்லவேளை, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாய்விட்டுப் பதில் சொல்வதால் இவர்களுக்கு மட்டும் தனி இடம், ஆய்வகம். அறிவியல் பரீட்சை என்பதால் சுவரில் இருந்த படங்களை எல்லாம் திருப்பி மாட்டியிருந்தார்கள். கழுத்தில் விசிலோடு விளையாட்டு ஆசிரியர் வாசலில் காவல் இருந்தார். இருவரும் நீளமேசையின் முன் அருகருகே உட்கார்ந்தார்கள்.

"மத்ததெல்லாம் பாஸ் பண்ணிட்டேன். இந்த அறிவியல் மட்டும் நிக்குது" என்றார் அக்கா. "ரெண்டு தடவை எழுதினேன். ரெண்டு தடவையும் ஒரே ஒரு மார்க்ல போச்சு."

"ஐயோ!"

"என் பொண்ணு அடுத்த வருஷம் இதே பரீட்சை எழுதணும். 'அம்மா, நீ எனக்கு சீனியரா, கிளாஸ்மேட்டா, சீக்கிரம் முடிவு பண்ணிச் சொல்லு'ங்கிறா. வாய் ரொம்ப நீளம்."

மணி அடித்தது. விதிப்படி முந்திரிக்கொட்டை ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள். அக்கா முகத்தை மேலே தூக்கி, கொஞ்ச நேரம் யோசித்து, நிதானமாகப் பதில் சொன்னார். முதல் ஆறு பதில்களும் சரி.

"ஏழு. உடலெங்கும் ஆக்சிஜனைக் கொண்டு செல்லும் இரத்த அணுக்கள் எவை?"

"வெள்ளையணுக்கள்."

பேனா நின்றது.

"எழுதும்மா."

வாசலில் கழற்றி வைத்த மூளை குடுகுடுவென்று உள்ளே ஓடிவந்துவிட்டது. ஒரே ஒரு மார்க். மூன்றாவது தடவையும் இந்த ஒரு வார்த்தையாலேயே போய்விட்டால்? வீட்டில் அந்தப் பெண்ணிடம் இவர் என்ன சொல்வார்? விளையாட்டு ஆசிரியர் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் 'சிவப்பணுக்கள்' என்று எழுதினாள்.

"எழுதிட்டியா?"

"ம்."

அதன்பிறகு அவள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பதினாறாவது பதில் பாதி தப்பு; அப்படியே எழுதினாள். 

"பத்து நிமிஷம்தான் இருக்கு!" பழக்கதோஷத்தில் விசிலை உதடுவரை கொண்டுபோன விளையாட்டு ஆசிரியர், சட்டென்று கீழே விட்டார்.

"ஏழாவதுக்கு என்ன எழுதினோம்? கொஞ்சம் வாசிச்சுக் காட்டு" என்றார் அக்கா.

முந்திரிக்கொட்டை காகிதத்தைப் புரட்டினாள். தன் கையெழுத்தையே பார்த்தபடி வாசித்தாள்.

"வெள்ளையணுக்கள்."



"அப்படியா எழுதியிருக்கு?"

"அப்படியேதாங்க்கா."

"சரி. அதை அடிச்சிடு."

"ஏங்க்கா? வேற பதில் சொல்றீங்களா?"

"இல்ல. எனக்குத் தெரியாததை என் பேப்பர்ல எதுக்கு வெக்கணும்? அடிச்சிடும்மா."

"சும்மா இருந்துட்டுப் போகட்டுமேக்கா. தப்பா இருந்தா ஒண்ணும் குறைக்க மாட்டாங்க. ஒரு மார்க்குல போன கதையை நீங்கதானே சொன்னீங்க..."

"சொன்னேன்தான். இந்தத் தடவையும் போனாப் போகட்டும். என் பொண்ணுகிட்ட 'பாஸ் பண்ணிட்டேன்'னு சொல்றப்போ அது நான் பண்ணதா இருக்கணும்."

இவ்வளவு நல்லவருடைய சரியான பதிலைத் தன் கையாலேயே எப்படி அடிப்பது? முந்திரிக்கொட்டை காகிதத்துக்குப் பக்கத்தில், மேசை மரத்தின் மேல், சத்தம் கேட்கும்படி பேனா மூடியால் ஒரு கோடு இழுத்தாள்.

"அடிச்சிட்டேங்க்கா."

அக்கா அவள் காதருகே குனிந்தார். வாசலில் இருப்பவருக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னார்.

"மேசையிலதாம்மா கீறினே. 'சிவப்பணுக்கள்' அப்படியே இருக்கு பாரு."

குனிந்ததில் சால்வை நழுவி விழுந்தது. உள்ளே ரவிக்கையின் இரண்டு கைத்துணிகளும் முழங்கையோடு வெறுமையாக முடிச்சுப் போடப்பட்டிருந்தன.