ஹெட்லி மாமா போட்ட கையெழுத்து

"மாமா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாப் பாருங்க. இது எங்க வீடா இல்லையா?"

கிளெனிஸ் மேஜைமேலிருந்த ஜாம் பாட்டிலை ஒதுக்கிவிட்டு, அந்தப் பழைய புகைப்படத்தை வைத்தாள். ஒரு மரவீட்டு வாசலில் கல்யாண ஜோடி.

நியூஃபவுண்ட்லாந்தின் அந்தக் கடற்கரை ஊரில் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். குறுக்கே நிற்பது அவள் வீடு. நூறு வருஷத்துக்கு முந்தைய வீடு என்று நிரூபித்தால் இடிக்காமல் விடுவார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம். கையில் பத்திரம்கூட இல்லை. 'யார்கிட்டே வாங்கினீங்க?' என்று கேட்டபோதெல்லாம் சிரித்தே மழுப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார் அவள் அப்பா. இரண்டு மாதமாக ஊர் ஊராக ஆல்பங்களைத் துழாவியதில் சிக்கியது இந்த ஒரே படம். பக்கத்து ஊர் ஹெட்லி மாமாவுக்குப் பழசெல்லாம் தெரியும் என்று யாரோ சொல்ல, ஓடி வந்திருந்தாள்.

"உங்க வீடேதான் கண்ணு."

"அப்ப பின்னாடி சர்ச் கோபுரம் தெரியுதே? எங்க வீட்டுக்குப் பின்னாடி வெறும் பாறைதானே?"

"படம் எடுத்தவன் எங்கே நின்னு எடுத்தானோ! டீ ஆறுது, குடி."

"கல்யாணப் பொண்ணு யாரு?"

"அழகா இருக்காங்கல்ல?"

"மாமா! கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!"

"மூணாவது படி இன்னும் கத்துதா?"

கிளெனிஸுக்குப் புரையேறியது. "ஆமா! பூனை ஏறினாக்கூடக் கத்தும்."

"மழை பெஞ்சா சமையலறை ஜன்னல் இறுகிக்குமே. ஒரு குத்து விட்டாத்தான்..."

"இடது பக்கம்!" இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

"படிக்கட்டுக்கு அடியிலே 1894ன்னு உளியால வெட்டியிருக்கும், பார்த்தியோ?"

"பெயிண்ட் அடிக்கிறப்பப் பார்த்தேன். ஏதோ மர நம்பர்னு நெனச்சேன்."

"கட்டி முடிச்ச வருஷம்மா அது."

கிளெனிஸ் துள்ளி எழுந்து, பையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்து மளமளவென்று எழுதினாள். 'இந்த வீடு 1894-இல் கட்டப்பட்டது. கிளெனிஸ் பார்டியின் குடும்பத்துக்குச் சொந்தமானது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.'

"சாட்சிக் கையெழுத்து மாமா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஹெட்லி இரண்டு முறை படித்தார். பேனா இரண்டாவது வரியில் சற்று நின்றது.

"தப்பா எழுதிட்டேனா?"

"இல்ல கண்ணு. சரியாத்தான் எழுதியிருக்கே." பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

தாளை மடித்து வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். "நீங்க எங்க வீட்டுக்கு வந்து நான் பார்த்ததே இல்லையே. இவ்வளவும் எப்படித் தெரியும்?"

"கையெழுத்துப் போட்டாச்சு, இனிமே சொல்லலாம்" என்று கண்ணைச் சிமிட்டினார் ஹெட்லி. "அந்தக் கல்யாணப் பொண்ணு எங்கம்மா. அது நான் பொறந்த வீடு. அறுபத்தொண்ணாம் வருஷம் அரசாங்கம் சொல்லி எங்க தீவைக் காலி பண்ணிட்டு, மரவீடுதானேன்னு அப்படியே கடல்ல மிதக்கவிட்டு, படகுல கட்டி இழுத்துட்டு வந்தோம். மூடுபனியிலே கயிறு அறுந்து வீடே காணாமப் போச்சு. நாலு நாள் தேடி, உங்க ஊர்க் கரையில ஒதுங்கிக் கிடக்குறதைக் கண்டுபிடிச்சா, குடிசை எரிஞ்சுபோன உங்கப்பா அதுக்குள்ளே குடும்பம் நடத்திட்டிருக்கார்! யாரு என்னன்னு தெரியாம எங்கப்பாவையே உள்ளே உட்காரவச்சு டீ குடுத்தார். தொட்டில்ல நீ, பொறந்து பத்து நாள். எங்கப்பா டீயைக் குடிச்சுட்டு, 'நல்ல வீடு தம்பி, பத்திரமா வச்சுக்கோ'ன்னு சொல்லிட்டு வந்துட்டார்."