மாமனார் பெயரில் ஓர் உயிரினம்

போன ஞாயிற்றுக்கிழமை டைவிங் படகில் கூட்டிப்போனதிலிருந்து மாமனார் லூர்துநாதன் வாயையே திறக்கவில்லை. படகு ஆடிய ஆட்டத்தில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலில் வாந்தி எடுத்தவர், கரையேறியதும் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்று வேளையும் கஞ்சிதான்.

"அப்பா எங்கிட்டகூட பேச மாட்டேங்கறாரு. எல்லாம் உங்களாலதான்," என்று பிரிஸ்கில்லா கணவன் மரிய அருணைக் கரித்துக்கொட்டினாள்.

மாமனாரின் மனதைக் குளிரவைக்க அருணுக்கு இந்த ஞாயிறு வழி பிறந்தது. அதே இடத்தில் மூழ்கியபோது, பவளப்பாறை இடுக்கில் விநோதமாக ஒன்று தென்பட, படமெடுத்துக்கொண்டான். இளஞ்சிவப்பு உடல், வரிசையாக வெள்ளை முட்கள், நடுவில் குடியிருக்கும் குட்டி நண்டு. படத்தைப் பார்த்த டைவிங் குழுவில் ஒருவர் சிப்பி என்றார். இன்னொருவர் புது வகைப் பவளம் என்று சத்தியமே செய்தார்.

முதலியார்பேட்டைக்கு, மாமனார் வீட்டுக்கு ஓடினான் அருண்.

"மாமா, இது நான் கண்டுபுடிச்ச புது உயிரினம். உங்க பேரையே வெக்கலாம்னு இருக்கேன். கோவத்த விட்டுடுங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த மாமனார், ஒரு வாரம் கழித்து வாயைத் திறந்தார். உள்ளே ஒரு பல்கூட இல்லை.

"பேரு வெக்கறது இருக்கட்டும் மாப்ள," என்றார், காற்றுப் போகும் குரலில். "மொதல்ல அந்த நண்ட காலி பண்ணச் சொல்லிட்டு, என் பல்செட்ட எடுத்தாங்க."