பேர் சொல்லாத மைனா

என்னென்ன மூலிகை வளர்க்கலாம் என்று தீர்மானிக்க, காட்டில் யாருக்கு என்ன வியாதி என்று விசாரிக்கும் வேலை மைனாவிடம் வந்தது. "பேரு மட்டும் என் வாயிலேருந்து வராது" என்று அது மரத்துக்கு மரம் சத்தியம் செய்தது. நம்பி எல்லாரும் சொன்னார்கள்.

முடிவைக் கேட்கக் குளக்கரையில் காடே கூடியது. மைனா தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஒருத்தருக்கு ஊசின்னாலே மயக்கம் வருது. பேரு சொல்லமாட்டேன். உடம்பெல்லாம் முள்ளு."

எல்லாத் தலைகளும் முள்ளம்பன்றி பக்கம் திரும்பின. அது கிழங்கு தோண்டுவதுபோல் மண்ணுக்குள் மூக்கை விட்டுக்கொண்டது.

"இன்னொருத்தருக்கு மூலம். பேரு கேக்காதீங்க. தும்பிக்கை வச்சிருக்கார்."

அந்தக் காட்டில் யானை ஒன்றுதான். உட்காரவும் முடியாமல் ஓடவும் முடியாமல் அது நின்றது.

மைனாவுக்கு ஏகப் பெருமை. வாய் தவறி ஒரு பேராவது வந்ததா?

அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் விசாரிக்கப் போனது. இருமி இருமி மூச்சு வாங்கிய கரடி, "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றது. நொண்டிக்கொண்டே போன மானும் அதையேதான் சொன்னது.

"நம்ம காட்டுல வியாதியே ஒழிஞ்சுபோச்சு. இனி மூலிகைத் தோட்டமே வேண்டாம்" என்று மைனா குளக்கரையில் அறிவித்தது.

காடே கைதட்டியது. இருமல் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை.