நேற்றுச் சாப்பிட்ட மூன்று வேளை

உச்சி வெயிலில் டேப்லெட் திரை கண்ணைக் கூசவைக்கிறது. கணக்கெடுக்க வந்த லிம்பானி அதைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி கேட்கிறான். "நேத்து எத்தனை வேளை சாப்பிட்டீங்கக்கா?" "எத்தனை தடவடா சொல்றது? மூணு. பக்கத்துல சாவு, ஊரே அங்கதான் தின்னுச்சு. இன்னிக்கு இதான்" என்று எலினாத்தி காலிப் பானையைக் காலால் உருட்டுகிறாள். கோழி அலறி ஓடுகிறது. மூன்று என்று பதிந்தால் நிவாரண மக்காச்சோளம் இவளுக்கு வராது. திரையில் எண்ணுக்குத்தான் இடம், சாவுக்கு இல்லை. "இன்னிக்குன்னு கேள்வியே இல்லியா?" "இல்லக்கா, நேத்து மட்டுந்தான்." "அப்ப நாளைக்கு வந்து கேளு. இன்னிக்கு யாரும் சாகல." நாளை அவனுக்கு வேறு ஊர். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றை அழுத்துகிறான். திரை பச்சையாகி அவளுக்கு நன்றி சொல்கிறது.