மூத்தாளின் முக்காலி

மழைக்காலம் பிறப்பதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் வீட்டுக் கதவுகளை எல்லாம் கழற்றி இழைத்துவிடுவார். தச்சன் வீட்டுக் கதவே மழையில் உப்பிச் சிக்கிக்கொண்டால் ஊர் சிரிக்கும் என்பார். அந்த வேலை முடிந்ததும் சமையலறை முக்காலியைத் தூக்கிவந்து அவர் முன்னால் போடுவேன். எனக்கு முன்னால் இந்த வீட்டில் வாழ்ந்து செத்த மூத்தாளுக்காக அவர் செய்தது அது. அவள் நெட்டை. நான் உட்கார்ந்தால் கால் தரையில் படாமல் சின்னப் பிள்ளைக்குத் தொங்குவதுபோல் தொங்கும்.

கல்யாணமான வருஷமே மூன்று காலிலும் இரண்டு விரற்கடை அறுக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் அறுத்தார். துண்டுகளை நானே அடுப்பில் வைத்தேன். அடுத்த மழைக்குள் என் கால் மறுபடி தொங்கியது. மறுபடி அறுத்தார். மறுபடி தொங்கியது.

"மரம்னா உப்பத்தானே செய்யும்" என்றார்.

"அகலத்துல உப்பும், நீளத்துலயா உப்பும்? யாருக்குக் காது குத்துறீங்க?"

இந்த வருஷம் அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ரம்பத்தை நானே எடுத்தேன். ஆத்திரம் தீர ஒரு சாண் அறுத்துத் தள்ளினேன்.

திரும்பி வந்தவர் முக்காலியைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து, அறுத்த முனைகளில் புண்ணுக்குத் தடவுவதுபோல் எண்ணெய் தடவினார்.

"இனிமே அறுக்காத. அவளுக்கு முட்டி வலிக்குதாம்."

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பயப்படக்கூடத் தோன்றவில்லை. என்னிடம் நாளெல்லாம் வாய் திறக்காத மனுஷன், அவளிடம் மட்டும் எப்போது உட்கார்ந்து பேசுகிறார்?