ஏழு கடை ஏறிய டெஸ்மண்ட்

ஹோபார்ட் நகராட்சி அலுவலகத்தில் மதிய உணவு நேரம். டெஸ்மண்ட், எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அலுவலகத் தோழி நரெலிடம் புலம்பினான்.

"மூணு வாரமா அலசறேன் நரெல். பாட்டு டவுன்லோடு விக்கிற ஏழு ஆன்லைன் கடையையும் பார்த்தாச்சு. எதுல வாங்கறதுன்னே புரியல."

"ஒரு ஆல்பத்துக்கு இவ்ளோ ஆராய்ச்சியா? ஏதாவது ஒண்ணுல வாங்கேன்ப்பா."

"அதெப்படி? ஒரு கடையில சத்தம் தெளிவா இல்ல. இன்னொண்ணு, வாங்கின பாட்டை வேற போனுக்கு மாத்த விடாது. மத்ததெல்லாம் பாடினவங்களுக்குக் கிள்ளித்தான் கொடுக்குது. கலைஞர்கள் வயித்துல அடிக்க எனக்கு மனசு வரல."

"அடேயப்பா, என்ன ஒரு தாராள மனசு! பாட்டையாவது கேட்டியா?"

"சாம்பிளை ஏழு கடையிலயும் கேட்டேன். நாலாவது பாட்டுல கண்ணே கலங்கிடுச்சு."

நரெலின் முகம் மலர்ந்தது. "சரி, இப்ப என்னதான் முடிவு?"

டெஸ்மண்ட் குரலைத் தாழ்த்தினான். "கடையே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். நீ பாடின ஆல்பம்தானே? எனக்குச் சும்மா ஈமெயில்ல அனுப்பிடேன்."

நான்கு வருட வார இறுதிகளைத் தின்ற பாட்டுகள் அவை. நரெல் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள்.

"டெஸ், அந்த ஆல்பத்தை இதுவரைக்கும் ஒரே ஒருத்தர்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கார். நமக்குப் பார்சல் கொண்டு வர்ற கிரெக்."

"அப்படியா!" டெஸ்மண்ட் ஆர்வத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். "அவர் எந்தக் கடையில வாங்கினாராம்?"