பயம் போகும்வரை

லிஃப்டுக்குள்ளிருந்து அந்த அலறல் மறுபடியும் கிளம்பியது. மூன்றாம் மாடியில் கூடியிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் எழிலரசியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க பொண்ணுதான்," என்றாள் எதிர் ஃப்ளாட் சரசா, ஏதோ யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடித்தவள்போல.

எழிலரசி லிஃப்ட் கதவில் காதை வைத்தாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்புவதற்குள் ரோஷினி டேப்லெட்டும் கையுமாக உள்ளே ஓடிவிட்டாள். பட்டனை அவள்தான் அழுத்த வேண்டும், அதுவும் பென்சிலால்தான். ஸ்டீல் பட்டாலே அவளுக்கு உடம்பு கூசும். வீட்டில் தட்டு, டம்ளர் எல்லாமே பிளாஸ்டிக். கதவு மூடியது, லிஃப்ட் அசைந்தது, கரண்ட் போய்விட்டது.

காட்டுப்பாக்கத்தில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது யார் பொறுப்பு என்ற சண்டையோ அசோசியேஷனில் இன்னும் முடிந்தபாடில்லை.

வாட்ச்மேன் துலுக்கானம் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "லிப்ட்டு கம்பெனி ஆளு வந்துகினு கீறாராம்மா. உள்ள நம்ம செக்ரட்டரி சாரும் மாட்டிகினாரு போல. மேலேர்ந்து எறங்கிகினு இருந்தாரு. போன் போட்டா டவர் இல்லன்னு வருது."

எழிலரசி நெற்றியில் அடித்துக்கொண்டாள். இந்தப் பிள்ளையோடு மாட்டிக்கொள்ள உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

சாயங்காலம் செக்ரட்டரி மனோகரன் மீட்டிங் போட்டிருக்கிறார். பேச இருக்கும் விஷயம் ஒன்றே ஒன்றுதான், ரோஷினி கத்துகிற கத்தல். சேக்காட்டிலும் பாரிவாக்கத்திலும் இதற்காகத்தான் வீட்டுக்காரர்கள் கும்பிடு போட்டு அனுப்பி வைத்தார்கள். இங்கேயும் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது?

"ஏழு வயசுப் பிள்ளை கையில கம்ப்யூட்டரைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்," என்று மனோகரன் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். ஆட்டிசம் என்றால் என்னவென்று எழிலரசி பக்கம் பக்கமாக விளக்கினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. ஊருக்கே வைத்தியம் சொல்ல நம் ஆட்களுக்கு ஒரு போன் இருந்தால் போதும்.

அலறல் இன்னும் பலமானது. லிஃப்ட் குழிக்குள் மோதி எதிரொலித்து, மனிதக் குரலா என்றே தெரியாதபடி வந்தது. கூடவே ஸ்டீல் கதவில் இரண்டு கைகளும் படார் படாரென்று விழுந்தன.

"எப்படி அடிக்கிறா பாருங்க! சார் பாவம், என்ன பாடு படறாரோ," என்றாள் சரசா.

எழிலரசியால் யோசிக்கக்கூட முடியவில்லை. கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினாள். "ரோஷினி! பூனைம்மா! பூனையப் போடு!"

"என்ன பூனை?" என்றாள் சரசா.

"அவ எழுதின புரோகிராம்."

பூந்தமல்லியில் சுதா மிஸ் நடத்தும் வகுப்பில் எழுதியது. பயத்தை வாயால் சொல்ல வராத பிள்ளைகளை, பயம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க வைப்பார் சுதா மிஸ். டேப்லெட் திரையில் கட்டளை எழுதிய கலர் கலர் கட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டி, ரோஷினி அதை நேற்றுதான் முடித்திருந்தாள். பயம் வந்தால் பூனை உட்காரும். மூச்சை இழுக்கும். விடும். பயம் போகும்வரை திரும்பச் செய்யும். பூனைக்குக் குரல் கொடுத்தது எழிலரசி.

"ஆமா, பூனை வந்து கதவத் திறக்கப் போகுது," என்று சரசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மெல்லிசாக எழிலரசியின் குரலே கேட்டது. "இழு... விடு... இழு... விடு..."

கதவைத் தட்டுவது நின்றது. அலறல் விசும்பலாகி, விசும்பலும் மெல்ல அடங்கியது. எழிலரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒட்டுமொத்த பிளாக்கையும் கூப்பிட்டு, என் பொண்ணு செஞ்ச பூனையைப் பாருங்க என்று காட்ட வேண்டும்போல அவளுக்கு இருந்தது.

லிஃப்ட் கம்பெனி ஆள் வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார். லிஃப்ட் இடுப்பளவு கீழே நின்றிருந்தது.

ரோஷினி காதில், இரைச்சலைக் குறைக்க மட்டுமே போடும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மடியில் டேப்லெட்டோடு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பென்சில் காதோரம் செருகியபடியே இருந்தது. கண்ணில் சொட்டு ஈரம் இல்லை. அவளுக்குப் பக்கத்திலேயே மனோகரன், சட்டை முழுக்க வேர்வையில் நனைந்து, சுவரில் சாய்ந்து கிடந்தார்.

சரசா எல்லோரையும் முந்திக்கொண்டாள். "சார், இப்ப உங்க காதாலயே கேட்டுட்டீங்க இல்ல? இந்தக் கத்தலோட ஒரே பிளாக்ல மனுஷங்க இருக்க முடியுமா? இன்னிக்கு மீட்டிங்ல ஒரு முடிவு கட்டிடுங்க."

எழிலரசி கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

மனோகரன் வாயைத் திறந்தார், குரல் எழும்பவில்லை. ரோஷினி அவர் முகத்தைப் பார்க்காமலே டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பி, விரலால் தட்டினாள். பூனை உட்கார்ந்தது.

"இழு," என்றது. அவர் இழுத்தார்.

"விடு." விட்டார்.

பிறகு, தொண்டை கட்டிப்போன குரலில் சரசாவிடம் சொன்னார்.

"கத்துனது நான்தாம்மா."